பெரிய சினைப்பைக் கட்டியை எடுத்த பிறகு செய்யக்கூடாத தவறுகள்

"கட்டியை எடுத்தாச்சு, இனி பயமில்லை" என்று வீட்டார் நினைப்பது இயல்புதான். ஆனால் கட்டி பத்து, இருபது கிலோ இருந்திருந்தால், அடுத்து வரும் நாட்களில்தான் கவனம் கூடுதலாக வேண்டும். மாதக்கணக்கில் வயிற்றை அழுத்திய பாரம் சில மணி நேரத்தில் விலகிவிடுகிறது. அழுத்தம் போனதும் வயிற்றுப் பகுதி ரத்தக் குழாய்கள் விரிந்து, ரத்தம் அங்கேயே தேங்கி, ரத்த அழுத்தம் மளமளவென்று இறங்கலாம். நசுங்கிக் கிடந்த நுரையீரல் வேகமாக விரியும்போது அதில் நீர் கோத்துக்கொள்வதும் உண்டு. ஐசியூவில் வைத்துப் பார்ப்பது இதற்காகத்தான். "நல்லாத்தானே பேசுறா, வார்டுக்கு மாத்துங்க" என்று அவசரப்படுத்தாதீர்கள்.

நான் அதிகம் பயப்படுவது ரத்த உறைவுக்கு. கால்களிலிருந்து இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் பெருஞ்சிரையைக் கட்டி அழுத்தியதால் கால்களில் ரத்தம் மந்தமாகவே ஓடியிருக்கும். அறுவை சிகிச்சையும் படுக்கையும் சேரும்போது அது உறைய வாய்ப்பு கூடும். புற்றுநோய் என்றால் இன்னும் அதிகம். உறைந்த துண்டு நுரையீரலுக்குப் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. "தையல் பிரிஞ்சிடும்" என்று நோயாளியைப் படுக்கவே வைத்திருக்காதீர்கள். 1809இல் மயக்க மருந்தே இல்லாமல் அமெரிக்க மருத்துவர் எஃப்ரைம் மெக்டவல் பத்து கிலோ கட்டியை அகற்றிய ஜேன் டாட் கிராஃபோர்ட், ஐந்தாம் நாளே எழுந்து தன் படுக்கையைத் தானே சரிசெய்துகொண்டிருந்தார். இன்று மருத்துவர்கள் பெரும்பாலும் மறுநாளே நடக்கச் சொல்கிறார்கள்.

ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெப்பாரின் ஊசியை வீட்டுக்கு வந்ததும் தாங்களாகவே நிறுத்திவிடுவதும் பெரிய தவறு. புற்றுநோய்க்கான பெரிய வயிற்று அறுவை என்றால் வழக்கமாக 4 வாரம் போடச் சொல்வார்கள். ஒரு கால் மட்டும் வீங்கினால், கெண்டைக்கால் வலித்தால், நீவிவிடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

வயிறு உப்பி, காற்றுப் பிரியாமல், வாந்தியும் வந்தால் குடல் இயங்காமல் நின்றிருக்கலாம். சாப்பிடச் சொல்லி வற்புறுத்த வேண்டாம், மருத்துவரிடம் சொல்லுங்கள். தொங்கும் வயிற்றுத்தோலைப் பார்த்து மிச்சக் கட்டியோ என்று பயப்படவும் வேண்டாம்.

பயாப்ஸி முடிவை வாங்காமல் இருந்துவிடாதீர்கள். இவ்வளவு பெரிய கட்டிகளில் பல சாதாரணக் கட்டிகள்தான். ஆனாலும் ஒரே கட்டியில் ஓரிடம் சாதாரணமாகவும் இன்னோரிடம் புற்றாகவும் இருக்கலாம். அதனால் பல துண்டுகளை எடுத்துப் பார்ப்பார்கள், நாளாகும். முடிவு எப்போது வரும், யாரிடம் காட்ட வேண்டும் என்பதை டிஸ்சார்ஜ் ஆகும்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.