கோன்செட் கப்பை அடித்து இறக்காதீர்கள்

பைக்கின் கோன்செட், அதாவது ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங் செட் மாற்றும்போது, குண்டுகள் ஓடும் கிண்ணம் போன்ற புதுக் கப்பைச் சுத்தியலால் தட்டி இறக்குவதைப் பார்த்தாலே எனக்கு மனசு பதறும். கொஞ்சம் சாய்ந்து ஏறினாலும் கப் உட்காரும் சேஸிஸ் குழாயின் உட்சுவர் கீறிவிடும்.

ஹார்டுவேர் கடையில் 12 எம்எம் திரெட் ராடு (மரை போட்ட நீளக் கம்பி), இரண்டு நட்டு, கனமான பெரிய வாஷர்கள் வாங்குங்கள். ராடைக் குழாய்க்குள் விட்டு, இரு முனையிலும் வாஷர் போட்டு மெதுவாக இறுக்கினால் கப் நேராகப் போய் உட்காரும். வாஷருக்கும் புதுக் கப்புக்கும் நடுவே, கழற்றிய பழைய கப்பை விளிம்போடு விளிம்பு சேரக் கவிழ்த்து வையுங்கள். குண்டு ஓடும் பாதையில் அழுத்தம் படவே கூடாது. பழைய கப்பைக் கிரைண்டரில் ஒரு இடத்தில் அறுத்து வைத்தால் உள்ளே சிக்காது.

கோன்செட்டை இறுக்கும் மேல் நட்டைத் திருக உளி வேண்டாம். சரியான அளவு இரும்புக் குழாயின் முனையில், நட்டின் வெட்டுகளில் உட்காரும்படி நான்கு பல் மட்டும் விட்டு மீதியை அறுத்தால் போதும்.

அப்புறம், முன்சக்கரத்தைத் தூக்கி ஃபோர்க்கை (சக்கரத்தைப் பிடிக்கும் இரு கால்களை) முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஆட்டம் இருக்கக்கூடாது, ஆனால் விரலால் தொட்டாலே ஹேண்டில் இருபக்கமும் தானாகச் சாய வேண்டும்.