குடற்புழு வந்த கோழிக்குச் சத்து மருந்து: எதை, எப்போது கொடுப்பது

சத்து மருந்து புழுவைக் கொல்லாது. பூண்டு, பூசணி விதை, ஆப்பிள் வினிகர் என்று நாளைக் கடத்தினால் கோழி இளைத்துக்கொண்டேதான் போகும். முதலில் புழு நீக்கம். சத்து, புழு புண்ணாக்கிவிட்டுப் போன குடலை ஆற்றுவதற்கு.

எந்த ஒட்டுண்ணி என்று தெரியாமல் மருந்து வாங்க வேண்டாம். காலையில் ஐந்தாறு கோழிகளின் புது எச்சத்தை மூடியுள்ள டப்பாவில் எடுத்து, வெயில் படாமல் அன்றே கால்நடை ஆய்வகத்தில் கொடுங்கள். எச்சத்தில் அரிசி போன்ற துண்டுகள் இருந்தால் நாடாப்புழு. வெள்ளையாக, விரல் நீளத்தில் வந்தால் உருண்டைப்புழு. குஞ்சு ரத்தமாகக் கழிந்தால் அது பெரும்பாலும் புழுவல்ல, ஓரணு உயிரியால் வரும் ரத்தக் கழிச்சல். இவை ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. பைபரசின் என்ற புழு மருந்து வளர்ந்த உருண்டைப்புழுவை மட்டுமே வெளியேற்றும்; குடல் சுவரில் இருக்கும் இளம்புழு தப்பிவிடும், நாடாப்புழுவுக்கு அது உதவவே உதவாது.

மருந்தின் அளவை எடை போட்டுப் பார்த்து, மருத்துவர் சொன்னபடி கொடுங்கள். தண்ணீரில் கலப்பதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. 2 கிலோ கோழி சாதாரண நாளில் 200 முதல் 250 மி.லி. குடிக்கும், வெயில் ஏறினால் இன்னும் கூடும். நோய் முற்றிய கோழியோ தண்ணீரே தொடாது. அதற்குத் தனியாக வாயில் ஊற்ற வேண்டும். சத்து டானிக்கையும் மருந்தையும் ஒரே தண்ணீரில் கலக்காதீர்கள். மருந்து கொடுத்தபின் முட்டை, இறைச்சியை உண்ணாமல் விலக்க வேண்டிய நாட்கள் லேபிளில் இருக்கும்.

ரத்தக் கழிச்சலுக்கு ஆம்ப்ரோலியம் கொடுக்கும்போது பி காம்ப்ளெக்ஸை நிறுத்திவிடுங்கள். அந்த மருந்து பார்ப்பதற்கு வைட்டமின் பி1 போலவே இருப்பதால்தான் ஒட்டுண்ணி ஏமாறுகிறது. கூடவே உண்மையான பி1 கொடுத்தால் மருந்தின் வேலை கெட்டுவிடும். மருந்து முடிந்த பிறகு தாராளமாகக் கொடுக்கலாம். ரத்தம் அதிகம் போயிருந்தால் வைட்டமின் கே-யும் உதவும்.

புழு நீக்கம் முடிந்த கோழிக்கு முதல் தேவை வைட்டமின் ஏ. குடலின் உள்தோல் புதிதாக வளர அதுதான் வேண்டும். பற்றாக்குறை இருந்தால் மறுபடி புழு பிடிப்பதும் எளிது. அதற்காக இரட்டை அளவு ஊற்றக் கூடாது: அது ஈரலில் சேர்ந்து நஞ்சாகும். லேபிள் அளவில் 5 நாள் போதும்.

அடுத்தது புரோபயாடிக், அதாவது குடலுக்கு நன்மை செய்யும் உயிருள்ள நுண்ணுயிர்கள். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் அதைக் கொன்றுவிடும், குளோரின் இல்லாத தண்ணீரில் கலந்து, நான்கைந்து மணி நேரத்தில் குடித்துத் தீர்க்கும் அளவே வையுங்கள். ஆன்டிபயாடிக் ஓடும் நாட்களில் கொடுத்தால் காசுக்குக் கேடு. தயிர் ஒரு கோழிக்கு ஒரு டீஸ்பூனைத் தாண்ட வேண்டாம். பால் சர்க்கரை செரிக்காமல் எச்சம் நீர்க்கும். வினிகர் விரும்புவோர் லிட்டருக்கு 5 மி.லி. போடலாம், துத்தநாகப் பூச்சுப் பாத்திரத்தில் மட்டும் வேண்டாம். அமிலம் பூச்சைக் கரைத்துத் தண்ணீரில் சேர்த்துவிடும்.

கூளத்தைக் கவனிக்காவிட்டால் இத்தனையும் வீண். உருண்டைப்புழு முட்டை ஈர மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும், சாதாரணக் கிருமிநாசினிக்கு அசையாது. மருந்து கொடுத்த மறுநாளே தண்ணீர்த் தொட்டியைச் சுற்றியுள்ள ஈரக் கூளத்தை அள்ளி அகற்றி, உலர்ந்ததைப் பரப்புங்கள். நாடாப்புழு என்றால் வண்டு, எறும்பையும் ஒழிக்க வேண்டும், அவற்றைத் தின்றுதான் கோழிக்குத் தொற்றுகிறது. இரண்டு வாரம் கழித்து எச்சத்தை மறுபடி பரிசோதியுங்கள். புழுவின் முட்டை இன்னும் தெரிந்தால் அதே மருந்தைக் கூட்டிக் கொடுக்காமல், அளவு சரியாகப் போனதா, வேறு மருந்து தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.