அம்பாசிடர் பின்பக்க ஷேக்கிளை நாமே செய்வது: அளவெடுப்பதிலிருந்து மாட்டுவது வரை

திருநெல்வேலி ஜங்ஷன் ஈரடுக்குப் பாலத்தில் ஏறும்போது பின் சீட்டுக்கு அடியிலிருந்து ‘டொக், டொக்’ என்று ஒரு சத்தம். வேகத்தடையில் ஒரு சக்கரம் மட்டும் ஏறினால் இன்னும் பலமாகக் கேட்கும். ஷாக் அப்சார்பரை மாற்றிப் பார்ப்பார்கள், போகாது. பல வண்டிகளில் கோளாறு பட்டையின் (லீஃப் ஸ்பிரிங்கின்) பின்முனையில் தொங்கும் ஷேக்கிளில்தான் இருக்கிறது.

உத்தரபாராவில் அம்பாசிடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. உதிரிபாகம் இன்றும் கிடைக்கிறது. ஆனால் நான் வாங்கின ஒரு செட்டில் இரண்டு தகட்டுக்கும் துளைத் தூரம் ஒன்றாக இல்லை. ஷேக்கிள் என்பது இரண்டு தகடு, அவற்றை இணைக்கும் இரண்டு பின் (மரையிட்ட உருண்டைக் கம்பி), நடுவில் ரப்பர் புஷ் (உறை), அவ்வளவுதான். முதன்முதலாக ஒரு பாகத்தைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல இடம் வண்டியில் கிடையாது.

அது என்ன வேலை செய்கிறது

பட்டை வில் போல வளைந்திருக்கிறது. பாரம் ஏறினால் நிமிரும், நிமிர்ந்தால் நீளம் கூடும். முன்முனை பாடியோடு ஒரே இடத்தில் பூட்டியிருக்கிறது. ஆகவே கூடுகிற நீளம் முழுவதும் பின்முனைக்குத்தான் போக வேண்டும். அந்த அசைவுக்கு இடம் கொடுக்கும் ஊஞ்சல்தான் ஷேக்கிள். ரப்பர் தேய்ந்தால் இரும்பும் இரும்பும் உரசி, பின் மெலிந்து, தகட்டுத் துளை முட்டை வடிவாகிவிடும்.

பழைய அளவிலேயே மாற்றுப் பாகம் செய்வது வேறு, ஷேக்கிளை நீளமாக்கி வண்டியைத் தூக்குவது வேறு. இரண்டாவதை நான் சொல்லித் தரவில்லை. பின் அச்சில் ஷாஃப்ட் வந்து சேரும் பினியனின் கோணம் மாறும், வண்டி ஓடும் விதம் மாறும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 வண்டியின் மூல அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கழற்றுவது

முதல் நாள் இரவே நட்டுகளில் டீசல் ஊற்றி ஊறவிடுங்கள். உவரி, கூட்டப்புளி பக்கம் கடல்காற்றில் நின்ற வண்டி என்றால் இரண்டு இரவு. முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, பின்பக்கத்தைத் தூக்கி, பாடியின் பலமான இடத்தில் ஸ்டாண்டு கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். செங்கல்லும் வேண்டாம், அது எந்த எச்சரிக்கையும் தராமல் நொறுங்கும். இன்னொரு ஜாக்கியால் ஹவுசிங்கைத் (பின் அச்சின் கூட்டை) தாங்கி, பட்டையில் இழுப்பும் அழுத்தமும் இல்லாத நிலைக்கு மெல்ல இறக்குங்கள். பின்னைத் தட்டினால் லேசாக நகரும் இடம் வரும். அப்போதுதான் நட்டைக் கழற்ற வேண்டும்.

நட்டுகள் இன்ச் அளவு. எம்.எம். ஸ்பேனரை ஒப்பேற்றிப் போட்டால் மூலை மழுங்கிவிடும், சரியான இன்ச் ஸ்பேனரைத் தேடி எடுங்கள். யூ போல்ட்டையும் சென்டர் போல்ட்டையும் தொடவே வேண்டாம், இந்த வேலைக்கு அவை தேவையில்லை.

ஷேக்கிள் கையில் வந்ததும் டார்ச் அடித்து, அது தொங்கின இடத்தைப் பாருங்கள். அம்பாசிடருக்குத் தனிச் சேஸ் கிடையாது, பட்டை நேராகப் பாடியில்தான் தொங்குகிறது. ஸ்குரூ டிரைவரால் குத்தினால் உள்ளே இறங்குகிறதா? அப்படியென்றால் நிறுத்திவிடுங்கள். முதலில் அந்தத் துருவை வெட்டித் தகடு வைக்க வேண்டும். பெட்ரோல் டாங்க் பக்கத்திலேயே இருப்பதால் அது பழகின வெல்டரின் வேலை, டாங்கைக் கழற்றிய பிறகு.

அளவெடுப்பது

இங்கேதான் நான் முதல் தடவை தவறு செய்தேன். பழைய தகட்டையும் பின்னையும் வெர்னியரில் அளந்து, வந்த எண்ணை அப்படியே எழுதிக்கொடுத்துச் செய்து வாங்கினேன். மாட்டின சில வாரத்தில் அதே சத்தம் திரும்பியது. இரண்டாவது தடவை பேட்டைப் பக்கம் வேறொரு கடைசல் பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த பெரியவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “தேஞ்ச எடத்த அளந்துட்டு வந்திருக்கியேடே, நானும் தேஞ்சதத்தான கடைஞ்சு தருவேன்?”

“அப்போ எங்க அளக்கணும் அண்ணாச்சி?”

பின்னை வாங்கினார். ரப்பர் படாத ஓரமாக, தகட்டுக்குள் ஒளிந்திருந்த ஒரு கடுகளவு இடத்தை நகத்தால் துரு நீக்கிக் காட்டினார். அங்கே பழைய மெருகு அப்படியே இருந்தது.

அதிலிருந்து நான் பிடித்துக்கொண்ட முறை இது. தேயாத இடத்தை அளந்து, வருகிற எண் எந்த இன்ச் அளவுக்குப் பக்கத்தில் நிற்கிறது என்று பாருங்கள். மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரீஸ் 3 வழியில் வந்த வண்டி, வரைந்தவர்கள் இன்ச்சில் வரைந்திருக்கிறார்கள். ஒரு பேச்சுக்கு, நடுவில் 15.2, ஓரத்தில் 15.85 மி.மீ. வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 5/8 இன்ச் என்பது 15.88. ஆக பின்னின் உண்மை அளவு 5/8, நடுவில் வந்த 15.2 வெறும் தேய்மானம்.

துளைத் தூரத்தைத் தேய்ந்த துளையில் அளக்க முடியாது. பின்கள் தகட்டில் இறுக்கமாக நிற்கும் பக்கத்தில் இரண்டு பின்னுக்கும் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை அளந்து, ஒரு பின்னின் விட்டத்தைக் கழித்தால் மையத்திலிருந்து மையத்துக்கான தூரம் கிடைக்கும். 92.08 வந்தால் 15.88 போக 76.20, சரியாக 3 இன்ச். இப்படிக் கணக்கு ஒரு முழு எண்ணில் போய் உட்காரும்போது அளவு சரி என்று நம்பலாம். என் வண்டி எண்களை இங்கே தராததற்குக் காரணம் உண்டு. மாடலுக்கு மாடல் மாறும், முன்பு யாரோ ஒருவர் வேறு செட் மாட்டியும் இருக்கலாம். உங்கள் வண்டியை நீங்களே அளங்கள்.

மூன்றாவது அளவைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: இரண்டு தகட்டுக்கும் இடையே உள்ள அகலம். பின்னின் தோள் (மரைக்கு முந்தின தடித்த பகுதி) நீளம்தான் அதைத் தீர்மானிக்கிறது. தோள் நீண்டால் ரப்பர் அமுங்காமல் ஆடும், குறைந்தால் தகடு பட்டைக் கண்ணில் உரசும். புது ரப்பரை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, பழைய தோளோடு ஒப்பிட்டுப் பார்த்தபின் எழுதுங்கள்.

என்ன இரும்பு

பின்னுக்கு ஈ.என்.8 (நடுத்தரக் கார்பன் எஃகு) ராடு கேளுங்கள். சாதா எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) ராடு போதும் என்று சொல்பவர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஹார்டனிங்கும் இந்தப் பின்னுக்கு வேண்டாம். ரப்பர் புஷ்ஷில் பின் உரசிச் சுழல்வதில்லை, ரப்பர்தான் முறுக்கிக்கொடுக்கிறது. பதம் தவறிக் கடினமான பின் ஒரே அடியில் ஒடியும், கடினமாக்காதது வளைந்து காட்டிக்கொடுக்கும்.

தகட்டுக்குப் பழையதன் கனத்திலேயே எம்.எஸ். பட்டை இரும்பு போதும். லாரிப் பட்டைத் துண்டை வெட்டிச் செய்யலாமே என்று தோன்றும். வேண்டாம். அது ஸ்பிரிங் ஸ்டீல், சூடு காட்டினால் பதம் போய்விடும், துளை போடுவதும் பாடு. அதே காரணத்தால் உங்கள் வண்டிப் பட்டையின் மேலும் எங்கேயும் வெல்டிங் படக்கூடாது.

பட்டறையில் நைலான் புஷ் போட்டுத் தருகிறேன் என்பார்கள். நைலான் ஈரத்தைக் குடித்து உப்பும். ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது பட்டை முறுகும், ரப்பர் அதற்கு வளைந்துகொடுக்கும், நைலானோ வெண்கலமோ கொடுக்காது. ரப்பரில் வந்த வண்டிக்கு ரப்பரே போடுங்கள், அதைக் கடையில் வாங்குவதே நல்லது.

கடைசலும் துளையும்

கடைசல்காரரிடம் இரண்டு விஷயத்தைக் கட்டாயம் சொல்லுங்கள். தோள் முடிந்து மரை தொடங்கும் மூலை கூர்மையாக இருக்கக் கூடாது, 1 மி.மீ. அளவுக்காவது உருண்டு வர வேண்டும். ஒடிந்த பின்களைப் பாருங்கள், விரிசல் அந்த மூலையில்தான் தொடங்கியிருக்கும். அந்த உருண்ட மூலை உட்காரத் தகட்டுத் துளையின் ஓரத்தையும் சற்றுச் சரித்துவிட வேண்டும். அடுத்து, மரை யூ.என்.எஃப். (இன்ச் அளவு நெருக்க மரை), மெட்ரிக் அல்ல. பேசிப் புரியவைப்பதைவிடப் புது நட்டைக் கையில் கொடுத்து, “இது விரலில் ஏறணும் அண்ணாச்சி” என்றால் போதும்.

தகட்டை வீட்டிலேயே செய்யலாம். துருவும் எண்ணெயும் போகத் தேய்த்துவிட்டு, மயில்துத்தத்தைத் தண்ணீரில் கரைத்துத் துணியால் பூசுங்கள். இரும்பின் மேல் செம்பு நிறம் படியும். அதில் ஸ்கிரைபரால் கோடு இழுத்தால் பளிச்சென்று தெரியும், சாக்பீஸ் கோடு போல அழியாது. மையத்தில் பஞ்ச் அடியுங்கள்.

பிறகு இரண்டு தகட்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, ஓரத்தில் சின்ன டாக் வெல்டிங் அடித்து, சேர்த்தே துளையிடுங்கள். நான் வாங்கின செட்டில் இருந்த குறை இந்த ஒரு படியில் தீர்ந்துவிடும். முதலில் 5 மி.மீ., பிறகு படிப்படியாகப் பெரிது, கடைசி அரை மில்லிமீட்டருக்குக் கீழே ரீமர் (துளையைச் சரியான அளவுக்கு மழிக்கும் கருவி). முதல் துளையை முடித்ததும் அதில் பின்னைச் செருகிவிட்டு இரண்டாவதைப் போடுங்கள், தகடு நகராது. கை ட்ரில்லில் துளை சாயும், பெஞ்ச் ட்ரில் உள்ள இடத்துக்குப் போங்கள். முடிந்ததும் டாக்கை அரைத்து எடுத்து, ஓரத்தையெல்லாம் அரத்தால் மழித்து, ரெட் ஆக்சைடு பூசுங்கள்.

மாட்டுவது

ரப்பருக்குக் கிரீஸோ என்ஜின் ஆயிலோ போடாதீர்கள், அரித்துவிடும். சோப்புத் தண்ணீர் போதும். எல்லாவற்றையும் கோத்து, நட்டைக் கையால் மட்டும் முடுக்கி, வண்டியைத் தரையில் இறக்குங்கள். பின்னால் இரண்டு முறை அழுத்தி ஆட்டிவிட்டு, சக்கரம் முழு எடையையும் தாங்கி நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும். தூக்கி வைத்தபடியே இறுக்கினால் ரப்பர் தொங்கும் நிலையில் பிடித்துக்கொள்ளும். இறக்கினதும் முறுகி நிற்கும், சீக்கிரமே கிழியும். புது ரப்பர் வாரத்தில் போய்விட்டது என்று புலம்புகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

ஷாஃப்ட்டைப் பற்றி

ஷேக்கிள் நன்றாக வந்ததும் கை அடுத்து, கியர் பெட்டியிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டுக்குப் போகும், அதிலும் இசுசு என்ஜினும் 5 கியர் பெட்டியும் ஏற்ற நினைப்பவர்களுக்கு. கிராஸ் (யுனிவர்சல் ஜாயின்ட்) மாற்றுவதுவரை நீங்களே செய்யலாம். கழற்றுமுன் ஃபிளேஞ்ச் இரண்டிலும், ஸ்லைடிங் முனையிலும் பஞ்ச் புள்ளி வைத்து, அதே புள்ளியில் திரும்ப மாட்டுங்கள். குழாயின் இரு முனையிலும் உள்ள யோக்குகள் (கிராஸைப் பிடிக்கும் கவைகள்) ஒரே வரிசையில் நிற்க வேண்டும். சாய்ந்து ஓடும் கிராஸ் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை வேகம் கூடிக் குறையும். மறுமுனைக் கிராஸ் அதே வரிசையில், அதே கோணத்தில் இருந்தால்தான் அது சரிக்கட்டும். குழாயை வெட்டி நீளம் மாற்றுவதை மட்டும், டயல் கேஜ் வைத்து நேர்பார்த்து பேலன்ஸ் செய்யும் இடத்தில் கொடுங்கள். அந்த வேகத்தில் சுழலும் குழாய் அறுந்தால் தரைத் தகட்டைக் கிழித்துக்கொண்டு மேலே வரும்.

ஓட்டிப் பார்ப்பது

முதல் ஓட்டத்துக்கு நான் பேட்டை வழியாகச் சேரன்மகாதேவி வரை போய்த் திரும்புவேன். ரேடியோ போடாமல், பின் சீட்டில் காது கூர்மையான ஒருவரை உட்கார வைத்து. திரும்பி வந்ததும் நட்டுகளைச் சரிபாருங்கள், 500 கிலோமீட்டரில் இன்னொரு முறை. அளவெழுதின தாளை நெகிழி உறையில் போட்டு வண்டிக்குள்ளேயே வையுங்கள். அடுத்து ஷேக்கிள் செய்யும்போது தேயாத இடம் ஒன்றுகூட மிஞ்சியிருக்காமல் போகலாம்.