உப்பு போட்டால் வருவது வெள்ளிக் கூழ்மம் அல்ல

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் சாஸ்திரமேளாவுக்கு (பள்ளி அறிவியல் கண்காட்சி) வெள்ளிக் கூழ்மம், அதாவது வெள்ளி நுண்துகள் மிதக்கும் தண்ணீர், செய்யும் பிள்ளைகள் முதலில் சறுக்குவது தண்ணீரில்தான். இரண்டு வெள்ளிக் கம்பி, மூன்று ஒன்பது வோல்ட் பேட்டரி, கண்ணாடிப் பாத்திரம் எல்லாம் சரியாக இருக்கும். ஊற்றுவது மட்டும் போர் தண்ணீர். சில நிமிடத்தில் கம்பியிலிருந்து வெண்புகை மாதிரி ஒன்று இறங்கி, தண்ணீர் பால் தெளித்ததுபோல் கலங்கும். வெள்ளி வந்துவிட்டது என்று நினைப்பார்கள். வந்தது வெள்ளி குளோரைடு, தண்ணீரில் இருந்த உப்பின் குளோரைடோடு வெள்ளி சேர்ந்தது. வெயில் படும் ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள், வெள்ளை மங்கி ஊதா கலந்த சாம்பலாகும். பழைய போட்டோ காகிதம் கறுத்ததும் இதே வினையால்தான்.

காய்ச்சி ஆறவைத்தால் போதாதா? சீரகத் தண்ணிக்குப் போதும். காய்ச்சினால் கிருமி சாகும், குளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற உப்பு இன்னும் கெட்டியாகும். ஆர்ஓ தண்ணீரிலும் கொஞ்சம் உப்பு மிஞ்சியிருக்கும். வாலைவடிநீர்தான் (டிஸ்டில்ட் வாட்டர்) வேண்டும். அதில் முதல் பத்து, பதினைந்து நிமிடம் மின்னோட்டம் காட்டும் மீட்டரின் முள் அசையாததுபோல் இருக்கும். அப்போதுதான் ‘ஒரு சிட்டிகை உப்பு போடு’ என்று யாராவது யோசனை சொல்வார்கள். போடாதீர்கள். வெள்ளி அயனி கரையக் கரைய மின்னோட்டம் தானாக ஏறும்.

ஏறும்போது கட்டுப்பாடு இல்லாவிட்டால் அடுத்த கோளாறு. மைனஸ் கம்பியில் கறுப்புப் பஞ்சு போல வெள்ளி படிந்து உதிரும். அங்கே உண்டாகும் ஹைட்ராக்சைடோடு அயனி சேர்ந்து பழுப்பு வெள்ளி ஆக்சைடாகி அடியில் தங்கும். 5.6 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் போட்டால் 27 வோல்ட்டில் கம்பிகள் ஒட்டிக்கொண்டாலும் 5 மில்லி ஆம்பியரைத் தாண்டாது. கணக்கு எளிது: ஒரு மில்லி ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் 4 மில்லிகிராம் வெள்ளி கரையும். 5 மில்லி ஆம்பியர் அரை மணி நேரம் என்றால் 10 மில்லிகிராம். ஒரு லிட்டர் தண்ணீரில் என்றால் 10 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 10 மில்லிகிராம். இது உச்ச அளவு. கம்பியில் படிவதைக் கழிக்க வேண்டும்.

ஆர்ஓ சர்வீஸ்காரர் வைத்திருக்கும் டிடிஎஸ் மீட்டரால் இதை அளப்பது வீண். அது மின்கடத்தலைத்தான் பார்க்கிறது, வெள்ளித் துகள் அதற்குத் தெரியாது. நிறமில்லாமல் தெளிவாக இருந்தால் பெரும்பாலும் அயனிதான். லேசர் விளக்கை அடித்தால் ஒளிக்கோடு தெரிந்து, தண்ணீர் இளமஞ்சளாகவும் இருந்தால் நுண்துகள் உண்டாகியிருக்கிறது. அந்தத் துகள் 400 நானோமீட்டர் பக்கத்து ஊதா ஒளியை விழுங்குவதால்தான் மஞ்சள்.

கம்பி 999 சுத்தமாக இருக்கட்டும். 925 வெள்ளியில் 7.5 சதவீதம் பெரும்பாலும் செம்பு, அதுவும் கரையும். பழைய கொலுசு வேண்டவே வேண்டாம், பற்றுவைத்த இடத்தில் வேறு உலோகங்களும் இருக்கும்.

கம்பியில் படிந்த கறை போக அம்மோனியா ஊற்றி ஊறவைப்பது உண்மையிலேயே ஆபத்து. வெள்ளி ஆக்சைடும் அம்மோனியாவும் சேர்ந்து காய்ந்தால் தொட்டாலே வெடிக்கக்கூடிய பொருள் உண்டாகலாம். வடிதாளால் துடைத்தால் போதும்.

இதை மருந்தென்று குடிப்பது பற்றி. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500 அனுமதிப்பது லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் வெள்ளி. நீங்கள் செய்தது அதைப்போல் நூறு மடங்கு வரை இருக்கும். வயிற்று அமிலத்தில் அயனி மறுபடி அதே வெள்ளி குளோரைடாகிறது. எந்த நோயும் இதனால் குணமானதாக நிரூபணம் இல்லை. உடம்பில் சேரும் வெள்ளி தோலில் தங்கி, வெளிச்சம் பட்டுக் கறுக்கும், ஜன்னலோரத்துப் பாத்திரம் கறுத்த மாதிரி. இதற்கு ஆர்ஜிரியா என்று பெயர், வந்தால் போகாது. அமெரிக்காவின் பால் கராசன் வீட்டில் செய்து பல வருஷம் குடித்து முகமெல்லாம் நீலமானவர், 2013இல் இறந்தார்.

மேளா முடிந்து மிஞ்சியதை வாய்க்காலிலோ மீன் தொட்டியிலோ ஊற்றாதீர்கள், வெள்ளி அயனி மீனைக் கொல்லும். உப்புக்கு வேலை இப்போதுதான்: ஒரு ஸ்பூன் போட்டுக் கலக்கி ஒரு நாள் வையுங்கள். அடியில் தங்கியதை வடிகட்டி, பள்ளி ஆய்வகக் கழிவுப் பாட்டிலில் சேர்த்துவிடுங்கள்.