மழைக்காலத்தில் கோர் டிரில்லிங்: துளையும் கோரும் வீணாகாமல் பார்ப்பது எப்படி

ஒடிசாவின் கேந்துஜர், சுந்தர்கர் இரும்புத்தாது மலைகளில் ஜூன் நடுவில் பிடிக்கும் தென்மேற்குப் பருவமழை அக்டோபர் வரை லேசில் விடாது. அங்கே துளையிட்டுக் கோர் (உருளை வடிவப் பாறை மாதிரி) எடுப்பவர்களுக்கு, தலையில் கொட்டும் மழையைவிட மேட்டிலிருந்து ஓடிவரும் தண்ணீரும், பாதியில் நின்றுபோன துளையும்தான் அதிக நஷ்டம் வைக்கின்றன.

முதலில் ரிக் (துளையிடும் எந்திரம்) நிற்கும் மேடை. 4 மீட்டருக்கு 3 மீட்டர் சேற்றுக்குழியில் (துளைக்குள் சுற்றவிடும் சேறு நிற்கும் குழி) 100 மி.மீ. மழை நேராக விழுந்தால் சேர்வது 1,200 லிட்டர்தான். 20க்கு 15 மீட்டர் மேடை முழுவதும் குழியை நோக்கிச் சரிந்திருந்தால் 30,000 லிட்டர் வரும். குழி நிரம்பி வழியும். அதனால் மேடையின் மேட்டுப்பக்கம் குறைந்தது 30 செ.மீ. ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டுங்கள். மேடையின் சரிவைக் குழிக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்புங்கள். குழியைச் சுற்றி மண் மூட்டைகளால் வரப்புப் போடுங்கள்.

மழைநீர் கலந்தால் பெண்டோனைட் (நீரில் ஊதும் களிமண்) சேறு நீர்த்துப்போகும். அப்புறம் வெட்டுப்பட்ட பாறைத் தூள் மேலே வராது, துளையின் சுவரும் நிற்காது. சேற்றின் கெட்டித்தன்மையைக் காட்டும் மார்ஷ் புனல் வைத்து அளந்து பாருங்கள்: 946 மி.லி. வெறும் தண்ணீர் 26 விநாடியில் இறங்கிவிடும். மழைக்கு முன் 38 விநாடி காட்டிய சேறு இப்போது 30 காட்டினால் பெண்டோனைட் போட்டே ஆக வேண்டும். மூட்டையைப் பிரித்து அப்படியே குழியில் கொட்டினால் கட்டி தட்டும். 200 லிட்டர் டிரம்மில் 6 முதல் 8 கிலோ கரைத்து, ஊறவிட்டு, பிறகு சேருங்கள். சேற்றில் கலக்கும் பாலிமர் தூள் தரையில் சிந்தியிருந்தால் மழைக்கு முன்பே உலர்ந்த நிலையில் பெருக்கி எடுத்துவிடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் கோழையாகி ஆள் வழுக்கி விழுவார்.

ஜாக்கிகளுக்கு அடியில் தடித்த மரக்கட்டைகள் வேண்டும். 1.5 மீட்டர் இடைவெளியுள்ள ஜாக்கிகளில் ஒன்று 2 செ.மீ. இறங்கினாலே ரிக் முக்கால் டிகிரி சாய்ந்துவிடும். கேசிங் (துளையின் சுவரைத் தாங்கும் குழாய்) இறக்குவதற்கு முன் இது நடந்தால், 200 மீட்டர் ஆழத்தில் துளை கிட்டத்தட்ட 2.6 மீட்டர் தள்ளிப்போகும். கேசிங் போட்ட பிறகு திசை மாறாது, ஆனால் ராடு (துளையிடும் குழாய்) கேசிங்கில் உரசித் தேயும். ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் கோணமானி வைத்துப் பார்க்காமல் மோட்டாரைப் போடாதீர்கள்.

கேசிங் வாயைத் தரைக்கு மேல் 30 செ.மீ. விட்டு, சுற்றிலும் சிமெண்ட் பூசுங்கள். உதிரும் லேட்டரைட்டை (செம்புரைக்கல்) தாண்டிக் கெட்டிப் பாறையில் கேசிங் உட்கார்ந்திருக்க வேண்டும்.

வேலையை நிறுத்துவதில்தான் பெரிய தப்புகள் நடக்கின்றன. பிட் (ராடின் நுனியில் பாறையை வெட்டும் முனை) அடியில் இருக்க பம்பை அணைத்துவிட்டு ஓடினால், தூள் படிந்து, களிமண் ஊதி, மறுநாள் ராடு அசையாது. மேகம் கட்டும்போதே சேற்றைச் சுற்றவிட்டுத் துளையைச் சுத்தமாக்குங்கள், கோர் சேரும் உள்குழாயை வெளியே எடுங்கள். நேரமிருந்தால் ராடுகளைக் கேசிங்குக்குள் வரும் வரை உருவி, வாயை மூடுங்கள். 200 மீட்டர் என்றால் 3 மீட்டர் ராடு 67 வரும். இடி தலைக்கு மேல் வந்த பிறகு உருவ முடியாது. அந்த நிலையில் பிட்டை அடியிலிருந்து 3 முதல் 6 மீட்டர் தூக்கி வைத்துவிட்டு இறங்குங்கள். ராடு போனாலும் ஆள் பிழைக்க வேண்டும்.

மின்னல் தெரிந்து 30 விநாடிக்குள் இடி கேட்டால் அது 10 கி.மீ. தொலைவுக்குள் இருக்கிறது. ரிக்கின் கோபுரமான மாஸ்ட்தான் அந்த இடத்திலேயே உயரமான இரும்பு; அதனடியிலும் மரத்தடியிலும் தார்ப்பாய்க் கொட்டகையிலும் நிற்காதீர்கள். இரும்புக் கூரையுள்ள, கண்ணாடி ஏற்றிய ஜீப்புக்குள் போங்கள். கடைசி இடியிலிருந்து 30 நிமிடம் கழித்தே வெளியே வரலாம். புனேயின் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் ‘தாமினி’ செயலி பக்கத்து மின்னலைக் காட்டும். ஷிப்டு பொறுப்பாளர் போனில் அது இருக்கட்டும்.

கோர் பெட்டிகளைத் தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் கட்டை மேல் அடுக்கி, தார்ப்பாயைச் சரிவாகக் கட்டுங்கள். ‘புளூ டஸ்ட்’ எனப்படும் பொடித் தாது வந்தால் கூடுதல் கவனம் தேவை: குழாயிலிருந்து வந்ததும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டுங்கள். ஒரு தூறல் போதும், பொடி கரைந்து ஓடி, கிடைத்த கோரின் அளவே குறைந்துவிடும். ஈரப்பதம் பார்க்கும் மாதிரி மழையில் நனைந்தால் அதை அனுப்பாதீர்கள். ஆழம் எழுதிய கட்டைகளில் பெயிண்ட் மார்க்கரோ அலுமினியத் தகடோதான் தாங்கும். சாதாரணப் பேனா மை ஒரே இரவில் அழிந்து, எந்த ஆழத்துக் கோர் என்று சொல்ல ஆளில்லாமல் போய்விடும்.