மணிக்கட்டில் நாலு மணி நேரம்: ஆண்கள் சென்ட்டைச் சோதித்து வாங்கும் முறை

கடையில் அடித்துப் பார்த்த ஐந்தாவது நிமிடமே பில் போடச் சொல்பவர், பாதி மணத்தைக்கூட முகராமல் காசு கொடுக்கிறார். மூலிகை மணம் தூக்கலாக இருக்கும் அரோமாட்டிக் வகை சென்ட்டில் முதலில் எழும் வாசனைக்கும் சாயங்காலம் சட்டைக் காலரில் மிஞ்சுவதற்கும் சம்பந்தமே இருக்காது.

இந்த வகையின் அடித்தளம் 1882-இல் ஊபிகான் என்ற பிரெஞ்சு நிறுவனம் வெளியிட்ட ஃபூஜேர் ரோயால் என்ற சென்ட்: முதலில் எழும் மேல்மணம் லாவெண்டர், கடைசியில் மிஞ்சும் அடிமணம் காய்ந்த வைக்கோல் போல இனிக்கும் கூமரினும் ஓக் மரப்பாசியும். ரோஸ்மேரி, சேஜ் போன்ற மூலிகைகளைத் தூக்கலாக வைத்தது பிற்பாடு. பாக்கோ ரபான் பூர் ஓம் (1973), அஸ்ஸாரோ பூர் ஓம் (1978) அதற்கு நல்ல உதாரணங்கள். இப்போது பல பாட்டில்களில் ஏலக்காயும் சேர்கிறது.

மணம் மாறக் காரணம் ஆவியாகும் வேகம். எலுமிச்சை இனத் தோலில் உள்ள லிமோனீனின் கொதிநிலை சுமார் 176 டிகிரி செல்சியஸ், லாவெண்டரில் உள்ள லினலூலுக்கு 198, கூமரினுக்கு 300. உடம்புச் சூட்டில் எதுவும் கொதிக்கப்போவதில்லை. ஆனாலும் இதே வரிசையில்தான் ஒவ்வொன்றாகத் தோலை விட்டுக் கிளம்பும்.

சோதிக்கும் நாளில் சந்தன சோப்பு வேண்டாம். வாசனையில்லாத சோப்பில் குளித்து, நன்றாகத் துவட்டுங்கள். ஒரு கையில் ஒரே சென்ட். 15 செ.மீ. தள்ளிப் பிடித்து, மணிக்கட்டுக்கு மேலே ஒரு அமுக்கு போதும். தேய்க்கக் கூடாது: தேய்த்தால் சூடேறி மேல்மணம் சீக்கிரம் பறந்துவிடும், பாதி மற்றக் கைக்குப் போய்விடும். முதல் அரை நிமிடம் ஆல்கஹால்தான் மூக்கில் ஏறும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

பத்து நிமிடம் வரை பெர்கமாட் (எலுமிச்சை இனப் பழம்), லாவெண்டர், மூலிகை. அரை மணிக்குப் பிறகு ஜெரேனியமும் மசாலாவும் மேலே வரும். சவரக் கடை வாடை அடிக்கிறது என்று பலர் முகம் சுளிப்பது இங்கேதான். நாலு மணி நேரம் கழித்து ஓக் பாசி, கூமரின், வெட்டிவேர், பச்சோலி, கஸ்தூரி வகை மிஞ்சும். இந்தக் கடைசிக் கட்டம் பிடிக்கவில்லையென்றால் வாங்காதீர்கள், தொடக்கம் எவ்வளவு அருமையாக இருந்தாலும் சரி.

போடி, கம்பம், குமுளிப் பக்கம் ஏலக்காய் ஸ்டோரில் வேலை பார்ப்பவர்கள் லீவு நாளில் சோதிப்பது நல்லது. ஏலக்காயில் நிறைய இருக்கும் சினியோல் என்ற வாசனைப் பொருள் ரோஸ்மேரியிலும் உண்டு. நாள் முழுக்க அதையே முகர்ந்த மூக்குக்கு அந்த மணம் மரத்துப்போயிருக்கும். சென்ட்டின் மூலிகைப் பகுதியே இல்லாத மாதிரி தோன்றும்.

வெயிலும் குளிரும் பெரிய வித்தியாசம் காட்டும். கம்பத்து மத்தியானச் சூட்டில் எல்லாம் வேகமாக எழுந்து வேகமாக அடங்கும். சுமார் 900 மீட்டர் உயரத்துக் குமுளியில், அதுவும் மழைக் காலத்தில், மேல்மணம் நிதானமாக நிற்கும், அடிமணம் லேசாகத்தான் தெரியும். அதனால் எங்கே அதிக நேரம் இருப்பீர்களோ அங்கே வைத்தே சோதியுங்கள். கீழே கம்பத்தில் இரண்டு அமுக்கு என்றால் மேலே குமுளியில் மூன்று. ஆளை நெருக்கி ஏற்றும் தோட்டத்து ஜீப்புக்கு ஒன்றே அதிகம்.

வறண்ட தோலில் மணம் சீக்கிரம் தேயும். அடிக்கும் இடத்தில் வாசனையில்லாத வாஸ்லினை மெல்லிசாகத் தடவினால் ஆவியாவது மட்டுப்படும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், அதன் வாடையே குறுக்கே வரும். வியர்வை ஊறிய உடம்பில் அடிப்பது வீண்: வாடை மறையாது, இரண்டும் கலந்து இன்னும் மோசமாகும்.

மூன்றாம் மணி நேரத்தில் ஒன்றுமே தெரியவில்லையா? சென்ட் தீர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. சிலர் மூக்குக்குச் சில கஸ்தூரி வகைகள் எட்டவே எட்டாது; சிலருக்கு மூக்கு பழகிப்போயிருக்கும். மறுபடி அடிப்பதற்கு முன் வீட்டில் இன்னொருவரிடம் கையை நீட்டிக் கேளுங்கள்.