பழைய செஸ்னா 172: வாங்குவதும் பராமரிப்பதும் ஓட்டுவதும்

அமெரிக்காவில் ஒருவர் சொந்தமாகச் சிறு விமானம் வாங்க நினைத்தால், முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் செஸ்னா 172 ஆகத்தான் இருக்கும். 1956 மாடலாக விற்பனைக்கு வந்தது முதல் இன்றுவரை 44,000-க்கும் மேற்பட்டவை தயாராகியிருப்பதால், ஐம்பது வயதைத் தொட்ட விமானத்துக்கும் உதிரிபாகம் கிடைக்கிறது. அதைப் பிரித்துப் பூட்டிப் பழகிய மெக்கானிக்கைத் தேடி அலையவும் வேண்டியதில்லை. நான் வைத்திருப்பது 1978-இல் தயாரான 172N மாடல். விமானம் தேடத் தொடங்கிய நாட்களில் எனக்குத் தெரியாமல் இருந்த ஒன்றை இங்கே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த விமானங்கள் பறந்து தேய்வதைவிட நின்று கெடுவதே அதிகம்.

வாங்கும் தகுதி தமக்கு இருக்கிறதா என்பதை நம்மவர்களில் பலர் கடைசியில்தான் பார்க்கிறார்கள். அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாத ஒருவர், தம் சொந்தப் பெயரில் விமானத்துக்கு அமெரிக்கப் பதிவெண் பெற முடியாது. ஆகவே எச்1பி விசாவில் இருப்பவர், உரிமம் எடுத்து வாடகை விமானத்தில் பறப்பதே நேரான வழி. குடியுரிமை பெறாதவர் யாராக இருந்தாலும், கிரீன் கார்டு வைத்திருந்தாலும்கூட, தனியார் விமானி உரிமத்துக்கான பயிற்சியைத் தொடங்கும் முன் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகமான டி.எஸ்.ஏ.-வின் அனுமதியைப் பெற்றாக வேண்டும். உரிமத்துக்குச் சட்டம் கேட்பது குறைந்தது 40 மணி நேரப் பறத்தல். நடைமுறையில் பெரும்பாலோருக்கு அதைவிட அதிகமாகவே ஆகும்.

விற்பனை விளம்பரங்களில் எல்லோர் கண்ணும் முதலில் போவது, முழுவதும் பிரித்துப் புதுப்பிக்கும் ஓவர்ஹாலுக்குப் பிறகு எஞ்சின் எத்தனை மணி ஓடியிருக்கிறது என்ற எண்ணின் மேல்தான். எண் குறைந்தால் விலை ஏறும். நானும் அப்படி ஓர் எண்ணை நம்பி நான்கு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு போய் ஒரு விமானத்தைப் பார்த்தேன். பெயின்ட் பளபளத்தது, இருக்கைகள் புதியவை, எஞ்சின் ஓடியதோ வெறும் 420 மணி. பறந்த நேரத்தையும் பராமரிப்பையும் பதியும் லாக்புக்கைப் புரட்டியபோதுதான், கடைசி ஏழு ஆண்டுகளில் அது மொத்தமாக 31 மணி நேரமே பறந்திருந்தது தெரிந்தது. என்னுடன் வந்த மெக்கானிக் ஒரு சிலிண்டரைக் கழற்ற அனுமதி கேட்டார். விற்பவர் சம்மதிக்கவில்லை. நாங்கள் திரும்பிவிட்டோம்.

மெக்கானிக் ஏன் சிலிண்டரைக் கழற்றிப் பார்க்க விரும்பினார் என்பதைப் புரிந்துகொள்வது அவசியம். 172-இல் 1968 முதல் பூட்டப்பட்டு வரும் லைக்கமிங் எஞ்சின்களில் வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட், புரொப்பெல்லரைச் சுழற்றும் தண்டான கிராங்க்ஷாஃப்டுக்கு மேலே அமைந்திருக்கிறது. எஞ்சின் நின்றதும் ஆயில் கீழே வடிகிறது. அந்தத் தண்டின் மேடுகளான கேமின் மேல் எஞ்சியிருக்கும் மெல்லிய ஆயில் படலமும் நாளடைவில் வற்றிவிட, உள்ளே தங்கிய ஈரம் எஃகைத் துருவாக அரிக்கிறது. மாதக்கணக்கில் நின்ற பிறகு ஒருநாள் எஞ்சினை இயக்கும்போது அந்தத் துரு உப்புத்தாளைப் போலக் கேமையும், அது தள்ளும் டாப்பெட்டையும் உராய்ந்து தேய்க்கிறது. 30 நாளுக்கு ஒருமுறையாவது, ஆயிலின் சூடு 165 முதல் 200 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கும்படி, இடைவிடாமல் ஒரு மணி நேரம் பறக்க வேண்டும் என்று லைக்கமிங் நிறுவனம் சொல்வது இதனால்தான். அந்தச் சூட்டில்தான் ஆயிலில் கலந்த ஈரம் ஆவியாகி வெளியேறும். பறக்க நேரமில்லையே என்று விமானக் கொட்டகையான ஹேங்கரின் வாசலில் பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு நிறுத்துவது நல்லது செய்வதாகத் தோன்றினாலும், எரிதலில் உண்டாகும் ஈரத்தை உள்ளே சேர்க்குமே தவிர வெளியேற்றும் அளவுக்குச் சூடு ஏறாது. அதற்கு எஞ்சினைத் தொடாமல் விட்டுவிடுவதே மேல்.

1977 முதல் 1980 வரையிலான 172N மாடலில் இருக்கும் ஓ-320-எச்2ஏடி எஞ்சின் இவ்விஷயத்தில் கூடுதல் கவனம் கேட்பது. கேமும் டாப்பெட்டும் தேயும் என்ற பெயர் அதற்குத் தொடக்கத்திலிருந்தே உண்டு. உற்பத்தியாளர் சொல்லும் தேய்மானத் தடுப்புச் சேர்மானத்தை ஆயிலில் கலந்து, அல்லது அது ஏற்கெனவே கலந்த ஆயிலை ஊற்றி, வாரம் தவறாமல் பறப்பவரிடம் அந்த எஞ்சின் நன்றாகவே உழைக்கிறது. ஆகையால் 420 மணி ஓடி ஏழு ஆண்டு நின்ற எஞ்சினைக் காட்டிலும், 1,500 மணி ஓடி, கடந்த ஆண்டு மட்டும் 120 மணி பறந்த எஞ்சினையே நான் தேர்ந்தெடுப்பேன். லைக்கமிங் பரிந்துரைக்கும் ஓவர்ஹால் இடைவெளி 2,000 மணி அல்லது 12 ஆண்டு என்றாலும், சொந்த உபயோகத்துக்குப் பறக்கும் விமானத்தை அது சட்டப்படி கட்டுப்படுத்தாது.

விமானத்தைப் பார்ப்பதற்கு முன் அதன் காகிதங்களைப் படிக்க வேண்டும். விமானச் சட்டகம், எஞ்சின், புரொப்பெல்லர் ஆகிய மூன்றுக்குமான லாக்புக்குகள் முதல் நாளிலிருந்து தொடர்ச்சியாக இருக்கின்றனவா, இடையில் எங்காவது ஆண்டுகள் விடுபட்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பெரிய பழுதுபார்ப்பும் மாற்றமும் நடந்திருந்தால், அதற்கான 337 எண் படிவம் ஓக்லஹோமா சிட்டியில் உள்ள, விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.-வின் பதிவகத்தில் இருக்கும், விமானத்தின் மேல் கடன் பாக்கி உண்டா என்பதையும் அங்குள்ள ஆவணங்களைத் தேடித்தான் உறுதி செய்கிறார்கள். ஏர்வொர்த்தினெஸ் டைரக்டிவ் எனப்படும் கட்டாய உத்தரவுகள் ஒவ்வொன்றும் எந்தத் தேதியில், எந்த முறையில் நிறைவேற்றப்பட்டன என்ற பட்டியலையும் கேட்டு வாங்க வேண்டும். பழைய செஸ்னாக்களுக்கு அவற்றில் மிக முக்கியமானது இருக்கைத் தண்டவாளத்தைப் பற்றியது. தண்டவாளத்தின் துளைகள் தேய்ந்துபோனால் பூட்டு முள் சரியாகப் பிடிக்காது. விமானம் ஓடுபாதையை விட்டு மேலெழும் தருணத்தில் இருக்கை பின்னால் சறுக்க, விமானியும் பிடிமானத்துக்காக, விமானத்தை ஓட்டும் கைப்பிடியைத் தம்மை நோக்கி இழுக்க, மூக்கு செங்குத்தாக உயர்ந்து இறக்கைகள் தூக்குவிசையை இழக்க, விமானம் ஸ்டாலாகி விழும். இப்படிப் பலர் இறந்திருக்கிறார்கள். நான் இன்றும் எஞ்சினை இயக்குமுன் இருக்கையை இரு கையாலும் முன்னும் பின்னும் உலுக்கிப் பார்க்கிறேன்.

வாங்குமுன் செய்யும் சோதனைக்கு, அந்த விமானத்தை இதுவரை பராமரித்துவந்தவர் அல்லாத வேறொரு மெக்கானிக்கை, உங்கள் செலவில், அழைத்துச் செல்லுங்கள். மூக்குச் சக்கரம் தரையில் மோதும்படி இறக்கப்பட்ட விமானத்தில் எஞ்சினுக்குப் பின்னுள்ள தடுப்புத் தகடான ஃபயர்வாலின் கீழ்ப்பகுதி மடிந்து சுருங்கியிருக்கும். பயிற்சிப் பள்ளியில் உழைத்த விமானங்களில் அதைத் தவறாமல் பார்க்க வேண்டும். கடற்கரை ஊர்களில் வெட்டவெளியில் நின்றவற்றில் இறக்கைக்குள் அரிப்பைத் தேட வேண்டும். சிலிண்டருக்குள் காற்றைச் செலுத்திப் பார்க்கும் கம்ப்ரஷன் சோதனையில் 80-க்கு 72, 75 என்று வரும் எண்களோடு, காற்று எந்த வழியாகக் கசிகிறது என்பதையும் காது கொடுத்துக் கேட்க வேண்டும்: எக்ஸாஸ்ட் குழாயில் சீறினால் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் பிஸ்டன் ரிங்.

செலவுக் கணக்கும் நிற்பதற்கு எதிராகவே பேசுகிறது. ஹேங்கர் வாடகை, காப்பீடு, வருடாந்தரச் சோதனை ஆகியவை சேர்ந்து ஆண்டுக்கு 9,000 டாலர் என்று ஓர் உதாரணத்துக்கு வைத்துக்கொண்டால், 50 மணி பறப்பவருக்கு அது மணிக்கு 180 டாலர், 150 மணி பறப்பவருக்கு 60 டாலர். இதன்மேல் மணிக்கு ஏறக்குறைய 8 கேலன் பெட்ரோலும், எஞ்சின் ஓவர்ஹாலுக்கென எடுத்துவைக்கும் தொகையும் வரும். ஆண்டுக்கு 50 மணிகூடப் பறக்க முடியாது என்று தெரிந்தால், இருவர் மூவராகச் சேர்ந்து வாங்குங்கள். செலவு பங்காவதோடு எஞ்சினும் ஓடிக்கொண்டிருக்கும்.

விமானம் பறக்கத் தகுந்த நிலையில் இருப்பதற்கான முதற்பொறுப்பைச் சட்டம் உரிமையாளரின் தலையில்தான் வைக்கிறது. 12 மாதத்துக்கு ஒருமுறை, இன்ஸ்பெக்ஷன் ஆதரைசேஷன் எனும் சோதனை அதிகாரம் பெற்ற மெக்கானிக் முழுச் சோதனை செய்து கையெழுத்திட வேண்டும். ராடாருக்குப் பதில் சிக்னல் அனுப்பும் ட்ரான்ஸ்பாண்டருக்கு 24 மாதத்துக்கு ஒருமுறை சோதனை. மெக்கானிக் ஒப்புக்கொண்டால் அந்த வருடாந்தரச் சோதனையில் நீங்களும் உடனிருந்து மூடிகளைக் கழற்றிக் கொடுங்கள். எக்ஸாஸ்ட் வாயு செல்லும் மஃப்ளரைச் சுற்றியுள்ள உறையை அவர் பிரிக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள்: கேபினைச் சூடாக்கும் காற்று அந்த உறைக்குள்தான் சூடேறுகிறது, மஃப்ளரில் மயிரிழை விரிசல் விட்டாலும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு நேரே உங்கள் மூக்குக்கு வந்துவிடும். கேபினில் அந்த வாயுவைக் கண்டறியும் மின்னணு சி.ஓ. கருவி ஒன்று அவசியம் இருக்க வேண்டும்.

தனியார் விமானி உரிமம் உள்ள உரிமையாளர் ஆயில் மாற்றுதல், ஸ்பார்க் பிளக்கைச் சுத்தம் செய்தல், டயர் மாற்றுதல் போன்ற வேலைகளைத் தாமே செய்து லாக்புக்கில் எழுதிக் கையொப்பமிடலாம். ஆயிலை ஃபில்டர் உள்ள எஞ்சினில் 50 மணிக்கு ஒருமுறை, பறக்காவிட்டாலும் நான்கு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கழற்றிய ஃபில்டரை எறிந்துவிடாதீர்கள். அதற்கென உள்ள கட்டரால் தகர உறையை அறுத்து, உள்ளேயிருக்கும் மடிப்புத் தாளை வெட்டியெடுத்து, ஆயில் வடியும்வரை அழுத்தி, வெள்ளைத் துணியின் மேல் வெயிலில் விரியுங்கள். விரலால் ஒவ்வொரு மடிப்பாகத் தடவிக்கொண்டு போகும்போது கரிய பிசுக்குக்கு நடுவே மின்னும் துகள் தென்பட்டால், காந்தத்தைக் கிட்டே கொண்டுபோங்கள். ஒட்டினால் எஃகு, கேமோ டாப்பெட்டோ தேயத் தொடங்கியிருக்கலாம், மெக்கானிக்கிடம் காட்டாமல் பறக்கக் கூடாது. ஒட்டாவிட்டால் அலுமினியமாக இருக்கக்கூடும். அதையும் காட்டத்தான் வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே ஆய்வகத்துக்கு ஆயில் மாதிரி அனுப்பிவந்தால், இரும்பின் அளவு மெல்ல ஏறுவது முன்கூட்டியே தெரியவரும்.

பறக்கும் நாளன்று எதைச் சுருக்கினாலும் பெட்ரோல் சோதனையைச் சுருக்க வேண்டாம். பழைய மூடிகளின் ரப்பர் வளையம் வெடித்தால் மழைநீர் டேங்குக்குள் இறங்கும். நீர் பெட்ரோலைவிடக் கனமானதால் அடியில் தங்கும். இரு இறக்கைக்கும் அடியிலிருந்து தெளிவான கோப்பையில் கொஞ்சம் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். 100 எல்.எல். என்ற விமானப் பெட்ரோல் இளநீலமாக இருக்கும், அதனடியில் நீர்த்துளி கண்ணாடி மணிபோல் உருண்டு நிற்கும். கோப்பை முழுவதும் நீராகவே வந்துவிட்டால் உருண்டு நிற்க எதுவும் இருக்காது, எல்லாம் தெளிவாகவே தெரியும். அதனால் நீல நிறத்தையும் வாடையையும் சேர்த்தே உறுதி செய்யுங்கள். எஞ்சினுக்கு முன்னுள்ள வடிகட்டியிலும் இதையே செய்யுங்கள். பெட்ரோல் அளவை மீட்டரை நம்பாமல், குச்சி விட்டு அளந்துகொள்ளுங்கள்.

நான்கு இருக்கை இருக்கிறது என்பதற்காக நான்கு பேர் ஏறிவிட முடியாது. 172N மாடலின் உச்ச எடை 2,300 பவுண்டு. வெற்று எடை 1,450 என்று கொண்டால் மீதி 850. நிரம்பிய டேங்கின் பயன்படும் 40 கேலன் 240 பவுண்டு போக 610 தான் மிஞ்சும். 170 பவுண்டு எடையுள்ள நால்வர் 680. ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவையும் நண்பரையும் ஏற்றிக்கொண்டு கோடை மதியத்தில் புறப்பட நினைப்பவர், பெட்ரோலைக் குறைத்து நிரப்ப வேண்டும், அல்லது இரண்டு நடை பறக்க வேண்டும்.

புறப்படுமுன் எஞ்சின் நிமிடத்துக்கு 1,700 சுற்றில் (ஆர்.பி.எம்.) ஓட, ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் இரு மேக்னெட்டோக்களை ஒவ்வொன்றாகச் சோதிக்கும்போது எஞ்சின் வேகம் 125-க்கு மேல் குறையக் கூடாது, இரண்டுக்கும் இடையே 50-க்கு மேல் வேறுபாடும் கூடாது. ஈரப்பதமான நாளில் வெளியே வெப்பமாக இருந்தாலும் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டருக்குள் பனி பிடிக்கும். எஞ்சின் வேகம் காரணமின்றிச் சரிந்தால், அதற்குள் சூடான காற்றை விடும் கார்புரேட்டர் ஹீட் பிடியை முழுவதுமாக இழுங்கள்; எஞ்சின் முதலில் இன்னும் தடுமாறிப் பிறகுதான் சீராகும், அந்தத் தடுமாற்றத்தைக் கண்டு பயந்து உள்ளே தள்ளிவிடாதீர்கள். அது பனி உருகி நீராக எஞ்சினுக்குள் போகும் நேரம்.

இறங்கி வந்து எஞ்சினை நிறுத்துமுன், மிகக் குறைந்த வேகத்தில் ஒரு நொடி மட்டும் சாவியை ஆஃபுக்குத் திருப்பி எஞ்சின் அடங்குகிறதா என்று பார்த்துத் திரும்பவும் இரண்டு மேக்னெட்டோவுக்கும் கொண்டுவாருங்கள். அடங்காமல் ஓடினால் மேக்னெட்டோவின் எர்த் ஒயர் அறுந்திருக்கலாம். கையால் அசைத்தாலே எஞ்சினை ஓடவைக்கக்கூடிய அந்தப் புரொப்பெல்லரைச் சாவி கையில் இருக்கும்போதுகூட யாரும் தொடாதபடி எழுதி மாட்டிவிட்டு, மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அடங்கினால், பெட்ரோலை நிறுத்தும் மிக்ஸ்சர் பிடியை இழுத்து எஞ்சினை நிறுத்தி, மாஸ்டர் சுவிட்சை அணைத்து, பறக்கும் வேகத்தை அளக்க உதவும் பிடாட் குழாய்க்கு உறை மாட்டுங்கள். அதற்குள் குளவி கூடு கட்ட அதிக நேரம் வேண்டாம். பிறகு, ஆயிலின் சூடு எத்தனை டிகிரி வரை ஏறியது, எத்தனை நேரம் நின்றது என்பதை அன்றைய தேதியிட்டுக் குறித்துக்கொண்டு, அடுத்த வாரம் பறக்கும் நாளையும் அதே பக்கத்தில் எழுதிவிடுங்கள்.